காட்டின் அவுட்டோர் யூனிட்

அந்த வட்டாரத்தில் ஏசி பழுது பார்ப்பவர்கள் பல பேர் உண்டு. ‘கேள்வி மெக்கானிக்’ என்றால் ஒருவர்தான். மற்றவர்கள் வந்ததும் மெஷினைத் திறப்பார்கள். இவர் முதலில் வாயைத் திறப்பார். ஜன்னலில் எந்த நேரம் வெயில் விழுகிறது, கதவைச் சாத்தாமல் போவது யார், பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியது எப்போது என்று வீட்டுக்காரரைக் குடைந்து எடுத்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைத் தொடுவார். “போலீஸ்ல வேலை பாத்தீங்களா?” என்று எரிச்சலோடு கேட்டவர்கள் உண்டு. “ஏன் அப்படித் தோணுது?” என்று அதற்கும் ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

தொழிலில் அவர் உறுதியாக நம்பியது ஒன்றைத்தான். குளிரை யாராலும் உண்டாக்க முடியாது. உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கி வெளியே போட முடியும், அவ்வளவுதான். எங்கேயாவது சில்லென்று இருந்தால், அந்தச் சூடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் அவரால் சும்மா இருக்க முடியாது. சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஊசி போன்ற ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும்.

இப்படி ஊரையே குளிர வைத்தவரின் வீட்டில் ஏசி கிடையாது. அக்காவுக்குப் பிடிக்காது. பெற்றோர் போன பிறகு தையல் மெஷினை மிதித்து அவரை ஆளாக்கியவர் அந்த அக்கா. மாடி அறையில் இருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அதுவரை குளுமையாக இருந்த அந்த அறை இந்தக் கோடையில் அடுப்பாகிவிட்டது. போன வாரம் நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்தார். இனி சூடு இவருக்கு ஆகவே ஆகாது, இன்னொரு முறை இப்படி ஆனால் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவும் ஏசிக்குச் சம்மதித்தார்.

சூட்டை வெளியே தள்ளும் அவுட்டோர் யூனிட்டை மாட்டத் தோதான இடம் பின்சுவர். அங்கேதான் ஒரு மரம் நின்றது. கூரை மேல் பாதி சாய்ந்த கிழட்டு மரம். இந்த வருடம் அதற்கு என்ன கேடோ, மழைக்காலம் வரைக்கும் இருக்க வேண்டிய இலைகளைக் கூடை கூடையாகக் கொட்டியது. அந்தச் சருகெல்லாம் யூனிட்டில் போய் அடைத்துக்கொள்ளும். “யூனிட்டுக்கு மூச்சு முட்டக் கூடாது, பக்கத்துல இருக்கற மரத்தை எடுத்துடுங்க” என்று ஆயிரம் வீட்டில் சொன்ன மனிதர், தன் வீட்டில் மட்டும் வேறு மாதிரி சொல்வாரா? சனிக்கிழமை மதியம் வந்து முழுசாக இறக்கிவிடச் சொல்லி மரம் வெட்டுகிறவரிடம் பேசி முடித்தார். அக்கா ஜன்னல் வழியாக மரத்தை ஒரு முறை பார்த்தார். “உனக்குத் தெரியாததா?” என்றார்.

சனிக்கிழமை காலை காட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. இலை மாதிரிகள் வைத்திருக்கும் ஃப்ரீசர் நின்றுவிட்டதாம். அவசரம் என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழி நெடுக வெயில் மண்டையைப் பிளந்தது. காட்டின் வாசலைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும், யாரோ ஏசி போட்ட கடையின் கதவைத் திறந்துவிட்டது போல உடம்பில் குளிர்ச்சி பட்டது. மெக்கானிக் பைக்கை நிறுத்தினார். தெர்மாமீட்டரை எடுத்தார். முப்பத்து மூன்று. நம்பிக்கை வரவில்லை. வந்த வழியே வாசலுக்குத் திரும்பிப் போய், தார்ச் சாலை ஓரம் நின்று பார்த்தார். முப்பத்தொன்பது. மறுபடி உள்ளே வந்தார். மறுபடி முப்பத்து மூன்றுதான். கருவியில் கோளாறில்லை. அப்படியானால் அந்த ஆறு டிகிரியை யார், எங்கே தூக்கிப் போடுகிறார்கள்?

ஃப்ரீசரில் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் போயிருந்தது. மாற்றியதும் ஓடிவிட்டது. வேலை முடிந்த பிறகுதான் அவர் வேலை தொடங்கியது.

“மேடம், இந்தக் காட்டுக்கு அவுட்டோர் யூனிட் எங்க இருக்கு?”

நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆய்வாளர் இளம் பெண்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “என்ன கேக்கறீங்கண்ணா?”

“உள்ள சில்லுனு இருக்கு. அப்போ சூடு வெளிய எங்கயாவது போயாகணும்ல? நெழலு பாதி செய்யும், சரி. மீதி?”

கேள்வி கேட்பவர் கிடைத்தால் ஆய்வாளர்களுக்குச் சாப்பாடு கூட வேண்டாம் போலிருக்கிறது. “ஏறுவீங்களா?” என்று கேட்டு, மரங்களுக்கு நடுவே நின்ற இரும்புக் கோபுரத்தைக் காட்டினார்.

ஏறினார்கள். நடுவழி வரை இருட்டும் ஈரமும். மேலே போகப் போக தெர்மாமீட்டர் ஏறியது. உச்சிக்கு வந்து தலையை நீட்டியபோது, இலைகளின் மேல்பரப்பு கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அங்கே அனல் காற்று முகத்தில் அடிக்கும், அதுதான் யூனிட் என்று மெக்கானிக் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு தப்பியது. பிடித்திருந்த கைப்பிடிக் கம்பி சுட்டது. கையை உதறிக்கொண்டு பக்கத்தில் இருந்த இலையைத் தொட்டார். அதே வெயிலில்தான் அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அப்படிச் சுடவில்லை.

“இது ஏன் சுடல?”

“இலை அடியில கண்ணுக்குத் தெரியாத வாய் நிறைய இருக்கு. வேர் இழுத்த தண்ணி அது வழியா ஆவியாப் போகுது. போறப்போ சூட்டையும் எடுத்துட்டுப் போயிடுது.”

மெக்கானிக் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட, இது கூலிங் காயில். எங்க மெஷின்ல குழாய்க்குள்ள கேஸ் ஆவியாகறப்போதான் சூட்டை இழுக்கும். இங்க தண்ணி அந்த வேலையைச் செய்யுது.” பிறகு கேஸ் எப்படிச் சுற்றி வருகிறது என்று அவர் விளக்க, அந்தப் பெண் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் தன்னையே எதிரில் பார்க்கிற மாதிரி இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சற்றுத் தள்ளி இலைப்பரப்பில் ஓர் ஓட்டை தெரிந்தது. பெரிய மரமொன்று விழுந்த இடம். அதன் வழியே பார்த்தால் தரையில் நிழலில் வளரும் பெரணிச் செடிகள் கருகிக் கிடந்தன.

“ஒரு மரம் போனா, அடியில இருக்கறவங்களுக்கு வானிலையே மாறிடும்ணா,” என்றார் ஆய்வாளர். “வெளிய வருஷத்துக்கு வருஷம் சூடு ஏறுது. இந்த இலைக் கூரை இருக்கற இடத்துல அது கீழ மெதுவாத்தான் வந்து சேருது. குளிர் ராத்திரியில கீழ இருக்கறது ரொம்ப விறைக்காமலும் பாத்துக்கும். சின்னச் செடி, தவளை, பூச்சி எல்லாம் அதை நம்பித்தான் தாக்குப்பிடிக்குது. ஆனா ஒண்ணு, மண்ணுல தண்ணி இருக்கணும்.”

“இல்லன்னா?”

“இலை வாயை மூடிக்கும். அப்புறமும் தண்ணி வரலைன்னா மரம் இலையைக் கொட்டிடும். கூரையே போயிடும்.”

கேஸ் தீர்ந்த மெஷின் என்று சொல்ல வாயெடுத்த மெக்கானிக்குத் தன் வீட்டுப் பின்சுவர் மரம் நினைவுக்கு வந்தது.

“மேடம், நல்லாத் தழைச்சு நின்ன மரம் ஒரே வருஷத்துல இப்படிக் கொட்டினா?”

“நோயா இருக்கலாம். இல்ல, எங்கிருந்தோ வந்துட்டிருந்த தண்ணி நின்னு போயிருக்கும்.”

“அதுக்கு யாருமே தண்ணி ஊத்தினதில்லையே,” என்றார் அவர். அக்காவின் தலைக்கு மேல் நிற்கும் கூலிங் காயிலை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஏசி மாட்டப் போகிறோம். மணியைப் பார்த்தார். மதியம் ஆகிவிட்டது. நல்லவேளை, கோபுரத்து உச்சியில் சிக்னல் கிடைத்தது.

“மரத்து மேலதான் இருக்கேன்,” என்றார் மரம் வெட்டுகிறவர். “ஒரு கிளை எறக்கியாச்சு.”

“எந்தக் கிளை?”

“சந்துப் பக்கம்.”

“போதும், கத்தியை வெச்சுட்டு எறங்குங்க. பேசின கூலி வந்துடும்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“வந்து சொல்றேன்.” வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ‘ஏன்’ அவருக்குத் தொந்தரவாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெட்டுண்ட கிளை பின்சந்தில் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. நேற்று வரை அதன் நிழலில் இருந்த சுவரில் கையை வைத்தார்; தகித்தது. இரண்டு அடி தள்ளி, மிச்சமிருந்த நிழலில் வைத்தார், பொறுக்க முடிந்தது. அதற்குமேல் அளந்து பார்க்க மனம் வரவில்லை. மாடிக்கு ஓடினார்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். “பாதியில நிறுத்திட்டியாமே?”

காட்டையும் கோபுரத்தையும் இலையின் வாயையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். “எல்லாம் புரிஞ்சுதுக்கா. ஒண்ணுதான் இடிக்குது. இத்தனை வருஷமா இந்த மரத்துக்குத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு?”

“நான் ஊத்தினேன்,” என்றார் அக்கா.

“எப்போக்கா?”

“நீ வேலைக்குப் போனப்புறம் துணி துவைப்பேன்ல? அலசின தண்ணியைப் பின்படி வழியாத் தூக்கிட்டுப் போய் ஊத்துவேன். கை விழுந்தப்புறம் நீ வாஷிங் மெஷின் வாங்கிப் போட்ட. அது தண்ணியைச் சாக்கடையில விடுது.”

“ஏன்க்கா சொல்லல?”

“ஊர்ல ஒருத்தரையும் விடாமக் கேள்வி கேக்கற. எங்கிட்ட வந்தா ‘சாப்டியா, மாத்திரை போட்டியா’. வேற என்னடா கேட்டிருக்க?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அதிகமாக வலித்தது.

மரம் மறுபடி தழைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அக்காவை வேக விட முடியாது. மறுநாளே ஏசியை மாட்டினார். யூனிட் மரத்துக்குத் தள்ளி, பக்கச் சுவரில் போனது. அதிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் வாஷிங் மெஷினின் அலசல் தண்ணீருக்கும் குழாய் போட்டு மரத்தடிக்கு இழுத்தார்.

“அடிமரத்துல விடாதே,” என்று மேலிருந்து அக்காவின் குரல் வந்தது. “கிளை முடியற இடத்துக்கு நேராத் தள்ளி விடு.”

“ஏன்?” என்று கேட்டுக்கொண்டே மாடி ஏறினார். அறைக்குள் வந்து நின்று, தயங்கி, இன்னொன்றும் கேட்டார். “எனக்குத் தெரியாம வேற என்னென்னக்கா செஞ்சிட்டிருந்த?”

அக்கா சிரித்தார். நல்ல கையால் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“அதெல்லாம் நின்னுக்கிட்டே கேக்கற கேள்வி இல்ல.”

மெக்கானிக் உட்கார்ந்தார்.