எண்ணி ஒப்படைத்த அக்கா

அக்காவின் ஓராண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் கும்பிடு. கட்டுரைக்குக் கீழே தம்பி என்று என்னைப் போட்டிருப்பார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் அத்தான், அக்காவைக் கட்டியவர். என் பேச்சை அப்படியே போட்டால் அச்சகத்துக்காரர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று கழுவித் துடைத்து எழுதுகிறார்.

அக்கா பிறந்தது ராயப்பன்பட்டி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா பத்தாவது முடித்தார். நான் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் வரை படித்தேன். அதைத் தாண்டிக் குதிப்பதில் நான்தான் முதல் மாணவன்.

தொண்ணூற்றாறில் சிறைக் காவலுக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா விடியற்காலையில் வாய்க்கால் கரையில் ஓடிப் பழகினார். நான் சைக்கிளில் பின்னால் போவேன். சைக்கிளில் போன எனக்குத்தான் மூச்சு வாங்கும். பொம்பளைப் பிள்ளை காக்கி போட்டால் மனசு மரத்துப்போகும், அப்புறம் எவன் கட்டுவான் என்று ஊரில் சொன்னார்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அவர்களோடு சேர்ந்து நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வேலை கிடைத்தது. பெண்கள் சிறையில் வார்டர். அங்கே சாயங்காலம் அறையைப் பூட்டும் முன் எல்லாரும் இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்கார வேண்டும். அக்கா ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டு போவார். கணக்கு ஒத்துவந்தால் "சரி" என்று ஒரே சொல். அதற்குப் பிறகுதான் பூட்டு. இந்தப் பழக்கம் அக்காவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். அக்கா ஏறினால் எல்லாரையும் எண்ணி "சரி" என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். என்னையும் சேர்த்துத்தான் எண்ணுவார். ஓட்டுகிறவன் வண்டியில் இருக்கிறானா என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தம் பேசியவன் நான். அக்கா என்ன வேலை என்று கேட்டபோது டீச்சர் என்று சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி அளந்துவிட என்னைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

அன்று சிறையில் அக்காவுக்கு அடுத்த முறைக் காவலுக்கு வர வேண்டியவர் தாமதமாக வந்திருக்கிறார். பஸ்ஸைப் பிடித்து அக்கா நேரே வீட்டு வாசலில் வந்து நின்றபோது உடம்பில் காக்கி. மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்டர் பார்வை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நா டீச்சர் இல்லங்க. செயில்ல வார்டர். தம்பி வெக்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டான். எனக்கு வெக்கமில்ல" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. கோபப்படவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க வீட்டுச் சாவிக் கொத்தையே ஒன் இடுப்புல சொருகுறேன்த்தா. பொம்பளைக்கு அந்தச் செயில் சாவி எதுக்கு? அத விட்டுரு" என்றார்.

"நா இல்லாட்டியும் ஒங்க வீட்டுக் கதவத் தெறக்க ஆளிருக்கு. அங்கன ஒருத்திக்கு வயித்துவலி வந்தா நாந்தாங்க போய்த் தெறக்கணும்."

அவ்வளவுதான். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் அக்காவோடு ஒரு வாரம் பேசவில்லை. பொய் சொன்னவன் நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவனும் நான்.

ஆனால் மாப்பிள்ளை மட்டும் தனியாக ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தார். "தம்பி, அன்னைக்கு நா வாயே தெறக்கல. அது தப்பு. அந்தச் சாவி அவுககிட்டயே இருக்கட்டும். எங்க வீட்டுச் சாவிய நா வச்சுக்கிறேன். எனக்குச் சோறாக்கத் தெரியும்."

"கொழம்பு?" என்று கேட்டேன்.

"கொழம்பும்."

இப்போது பேனா பிடித்திருப்பவர் அவர்தான். அவருடைய அம்மா கல்யாணத்துக்கு வந்தார். ஆனால் மருமகளோடு ரொம்ப நாள் அளந்துதான் பேசினார்.

அக்காவை நான் முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்று அவருக்கு விடுமுறை. ஜீப்பை எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்கு வரச் சொன்னார். ஐந்து வருஷம் உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்கு விடுதலை. கூட்டிப்போக யாரும் வரவில்லை. அந்தப் பெண் ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். ஏற்றிக்கொண்டு சுருளிப்பட்டியில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

அண்ணன் வாசலிலேயே மறித்துக்கொண்டார். செயிலுக்குப் போனவளை வீட்டுக்குள் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். அக்கா சத்தம் போடவில்லை. அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துத் தெருவில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். ஜோடியாக.

"எண்ணி வாங்கிட்டு வந்திருக்கேன். எண்ணி ஒப்படைக்காமப் போக மாட்டேன்" என்றார்.

நீங்க யாரு என்று கேட்டார் அந்த ஆள்.

"அஞ்சு வருசமா இவுகளப் பூட்டுனவ. பூட்டுன நானே பக்கத்துல ஒக்காந்திருக்கேன். கூடப்பொறந்த ஒங்களுக்கு என்ன பயம்?"

வெயில் ஏறியது. தெருவே கூடிவிட்டது. நான் ஜீப்புக்குள் ஒளிந்துகொண்டு புரோட்டாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த ஆளின் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்து தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் என்று பொய் சொன்ன அன்றைக்கு என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்குப் பசி போய்விட்டது. ஜீப்பை விட்டு இறங்கிப் போய் அக்காவுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் எண்ணியிருப்பார்.

மத்தியானம் அந்த ஆளின் மனைவி ஒரு செம்புத் தண்ணீரோடு வெளியே வந்தார். புருஷனைத் தாண்டி வந்து நாத்தனாரிடம் நீட்டினார். "உள்ள வந்து குடிங்க" என்றார். அந்த ஆள் வழியை விட்டு விலகி நின்றார். அக்கா எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "சரி" என்றார்.

அந்தச் "சரி"யை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். மனசு மரத்துப்போகும் என்று சொன்னோமே, அந்த மனசு எங்கள் எல்லாருடைய மனசையும்விடப் பெரிசாக இருந்தது.

போன வருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வரை பக்கத்தில் இருந்து துடைத்துவிட்டவர், வீட்டுச் சாவியைத் தருகிறேன் என்று சொன்ன அந்த அத்தைதான். பார்க்க வந்தவர்களை எல்லாம் அக்கா படுத்தபடியே எண்ணினார். ஒருநாள் எண்ணிக்கை பாதியில் நின்றது. இந்த இடத்தில் அத்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்துத்தான் எழுதினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கூட வேலை பார்த்தவர்களுக்கும், அடக்கத்துக்கு வண்டி கொடுத்த ஜீப் ஸ்டாண்டு நண்பர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபமாலை சொன்னவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அடக்கத்தன்று எனக்கு முன்பின் தெரியாத பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் மட்டும் தெரிந்த முகம், அன்றைக்கு மஞ்சள் பையோடு ஜீப்பில் வந்த சுருளிப்பட்டிக்காரர். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர்களாகவே பந்தலில் இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் மூன்று தடவை எண்ணினேன், படிக்காதவன் இல்லையா. மூன்று தடவையும் பதினைந்து. கடைசிப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அக்காவின் தலைமாட்டில் இருந்த அத்தை எழுந்து போய், இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை ஒதுக்கிக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

எண்ணிக்கோக்கா. சரியா இருக்கு.