கறுப்புத் தாளில் நகர்ந்த புள்ளி

பழைய நாணயங்களில் தேய்ந்துபோன ஆண்டுகளை வாசிக்க நான் வைத்திருந்த பூதக்கண்ணாடியை, அம்பிட்டியப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த டீச்சர் ஒரு நாளைக்குக் கேட்டார். நாயின் சொறியைப் பார்ப்பதற்காம். ஆண்டு 1931 அல்லது 1932. ஆண்டு தவறுவது எனக்குப் பிடிக்காது; இருந்தும் இதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தை மாதத்து வெயில் என்பது மட்டும் நிச்சயம்.

நாய் பள்ளிக்கூடத்தோடு வளர்ந்தது. காது விளிம்பிலும் முன்னங்கால் முட்டியிலும் மயிர் கொட்டி, தோல் தடித்துப் பொருக்கு விட்டிருந்தது. பிள்ளைகள் சிலரும் சொறியத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரான தலைமையாசிரியர் முடிவு சொல்லிவிட்டார்.

“இது குட்டநோய், டீச்சர். நாயைச் சுட ஆளுக்குச் சொல்லிப்போட்டன்.”

“குட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க சார்.”

டீச்சர் நாயின் காது விளிம்பை விரலால் தேய்த்தார். அதன் பின்னங்கால் தானாகவே எழுந்து காற்றைச் சொறிந்தது. பிறகு மழுங்கிய பேனாக்கத்தியால் இரத்தம் கசியுமட்டும் தோலைச் சுரண்டி, பொருக்கைக் கறுப்புத் தாளில் கொட்டி வெயிலில் வைத்தார். சூடேறியதும் தூசி போன்ற வெள்ளைப் புள்ளி ஒன்று நகர்ந்தது. தலைமையாசிரியர் என் கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்தார். “ஓம், ஊருது,” என்றார் வேண்டாவெறுப்பாக. மாதக் கடைசிவரை தவணை கிடைத்தது.

டீச்சர் கந்தகத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வாராவாரம் பூசினார். வகுப்பே நாறியது. இன்றைக்கு ஓர் ஊசியோடு தீர்ந்துவிடும் என்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்தது அந்த நாற்றம்தான். புதுமயிர் துளிர்த்தது. ஆனால் மாதக் கடைசியில் நாய் மறுபடி சொறிந்தது.

“உங்கட வைத்தியம் முடிஞ்சுது,” என்றார் தலைமையாசிரியர். தோளில் துப்பாக்கியோடு துவக்குக்காரனும் வந்து நின்றான்.

பிள்ளைகள் செபத்துக்கு முழந்தாளிடச் சாக்கு விரிப்போம். முடிந்ததும் சுருட்டி மாதா சுரூபத்தின் கீழே அடுக்குவோம். நாய் படுப்பது அந்த அடுக்கின் மேல்தான். மருந்து பூசிய நாயைத் தினமும் அங்கேயே படுக்கவிட்டோம். செபச் சாக்கைச் சந்தேகிக்க எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை, டீச்சருக்கும்கூட, அதுவரை.

டீச்சர் நாயைத் தம் கால்களுக்கிடையில் இருத்திக்கொண்டார்.

“மொதல்ல அந்தச் சாக்கெல்லாம் எரிங்க. பூச்சி அதுலதான் இருக்கு. அத விட்டுட்டு வாயில்லாத சீவனச் சுடுவீங்களா? அப்ப என்னையும் சேத்துச் சுடச் சொல்லுங்க!”

“செபச் சாக்கையோ எரிக்கச் சொல்லுறியள்?”

“ஆமா சார். மாதா கோவிச்சுக்க மாட்டாங்க.”

துவக்குக்காரன் சிரித்துவிட்டான். “அப்ப நான் போயிட்டு வரட்டுங்களா, டீச்சரம்மா?”

“போங்க. வர வேணாம்.”

சாக்குகளை அவரே முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். புதியவை வரும்வரை பிள்ளைகள் வெறுந்தரையில் முழந்தாளிட்டார்கள். கந்தகம் மறுபடி பூசப்பட்டது. இம்முறை சொறி திரும்பவில்லை, நாய்க்கும் பிள்ளைகளுக்கும்.

தாம் தவறியதாகத் தலைமையாசிரியர் ஒருநாளும் சொல்லவில்லை. மயிர் அடர்ந்து கொழுத்த நாயோ அவருடைய கந்தோர் அறை வாசலிலேயே குறுக்கே படுக்கப் பழகியது. அதை விரட்டும்படி அவர் சொன்னபோது டீச்சர் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“கடிக்காது சார். தாண்டி வாங்க.”

ஓய்வுபெறும்வரை அவர் தாண்டித்தான் போனார்.