ஆஸ்பத்திரியில் அடித்த உருமி

மலையில் அணை கட்டப் போன அப்பா, மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நீளமான ஓலைக் கொட்டகை, வரிசையாக மூங்கில் கட்டில்கள், அவ்வளவுதான். அம்மாவும், பாவாடை கட்டிய சின்னப் பெண்ணான நானும் கட்டிலுக்குக் கீழேயே குடியிருந்தோம். அவர் எழுந்து நடந்தால் நெஞ்சு நின்றுவிடும் என்று, அங்கே கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கண்டித்துச் சொல்லியிருந்தார். நடப்பதாவது! கஞ்சியை விழுங்கக்கூட அப்பாவுக்குத் தெம்பில்லை.

அந்த நிலையில்தான் மாமா எங்கள் ஊரான கோம்பையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு, மேளக்காரர்களும் ஊர்க்காரர்களுமாக வந்து இறங்கினார். சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட வேண்டும். அம்மன் இறங்கி உத்தரவு கொடுக்காமல் எங்கள் ஊரில் காப்புக் கட்டுவதில்லை. அம்மன் இறங்குவதோ அப்பாவின் மேல் மட்டும்தான். அவளுக்கும் காய்ச்சல் ஆளென்றால் ஆகாதோ என்னவோ என்று யாரும் யோசிக்கவில்லை. நோயாளிகளுக்குக் கொஞ்சம் வாசித்துக் காட்டுகிறோம் என்று டிரஸ்ஸரிடம் கேட்டார்கள். நல்ல மனிதர், மெதுவாக வாசியுங்கள் என்று விட்டுவிட்டார்.

முதலில் நாயனம் மட்டும்தான். கொட்டகையே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓலைத் தட்டியையே பார்த்துக் கிடந்த ஒருவர் திரும்பிப் படுத்தார். கால் நசுங்கிய கல்லுடைப்பவர் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டார். கஞ்சி கொண்டுவந்த பெண்கள் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கு அங்கேயே திருவிழா வந்துவிட்டது.

பிறகு உருமிக்காரர் குச்சியை எடுத்தார். உருமிச் சத்தத்துக்குத்தான் அப்பா மேல் அம்மன் இறங்கும். அம்மா பதறி எழுந்தாள்.

“வேணாம்ணே. அவுக ஒடம்பு தாங்காது.”

“ஆத்தா சொல்லாம எப்புடித் தாயி காப்புக் கட்டுறது? ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார் மாமா.

உருமி முழங்கியது. அப்பா எழுந்தார். கட்டிலைத் தாண்டிக் குதித்து, கொட்டகையின் நடுவே ஆடினார். பக்கத்துக் கட்டில்காரர் அலறினார். டிரஸ்ஸர் மருந்துப் புட்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.  அது அப்பாவின் குரலே இல்லை.

“காப்பக் கட்டுங்கடா! இந்த ஒடம்புல இதுதான் கடைசி. அடுத்த வருசம் வேற ஆளு மேல வாரேன்!”

உத்தரவு கிடைத்துவிட்டது. ஆண்கள் விழுந்து கும்பிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா மட்டும் அவர் காலைக் கட்டிக்கொண்டு, “அவுகள விட்டுட்டுப் போயிரு ஆத்தா, எறங்கிப் போயிரு!” என்று கத்தினாள்.

உருமி நின்றது. அப்பா அம்மாவின் மடியில் சரிந்தார். பிறகு கண் திறக்கவே இல்லை.

களைத்துப்போய்த் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். இனி வீட்டுக்குப் போகலாம், அப்பாதான் எழுந்து நடந்துவிட்டாரே. ஊரே சந்தோஷப்படும்போது இந்த அம்மா ஏன் இப்படி அழுது மானத்தை வாங்குகிறாள் என்று எரிச்சலாக வந்தது. அத்தனை நாளும் எனக்கு நாக்குச் சுழலாமல் குலவை வெறும் காற்றாகவே போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குப் பெண்களோடு சேர்ந்து நானும் போட்டேன். கணீரென்று வந்தது.