புளித்தண்ணீரில் போன பாசி

கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்தவன் கடல்பாசி ஆராய்ச்சிக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? "மலைல மூலிகை தேடுனாலும் நாலு பேருக்கு ஒதவும்" என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில்கூட நிறுத்தி வைத்து அறிவுரை சொன்னார்கள். என் பாசியோ பாசி மாதிரிகூட இருக்காது. உடம்பெல்லாம் சுண்ணாம்பு ஏறிய செம்பாசி. கல்லில் இளஞ்சிவப்புப் பொருக்காக ஒட்டிக்கிடக்கும். அதைப் பார்த்துப் பூரித்துப்போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தெற்கே ஒரு கடற்கரையில், அலை தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களில் அப்படியொரு பொருக்கைக் கண்டேன். நுண்ணோக்கியில் அதன் செல் அடுக்கு எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஒரு துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். மீதியைக் கல்லோடு பத்திரப்படுத்த வேண்டும். மூலமாதிரி இல்லாமல் புது இனத்துக்குப் பெயர் வைக்க முடியாது. துறை அலமாரியில் கரையான் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்ததால், "உங்க வீட்லயே வைங்க, அதான் சேஃப்" என்றார் என் நெறியாளர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதாம்மா நான் கண்டுபுடிச்சது" என்று அம்மாவிடம் காட்டிவிட்டுப் புத்தக அலமாரியில் வைத்தேன்.

எங்கள் ஊர் போர் தண்ணீருக்குக் குடமெல்லாம் உப்புக் கட்டும். புளி கரைத்து ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும். தெருவில் எல்லா வீட்டிலும் இந்த வைத்தியம்தான்.

ஒருநாள் சின்னசேலம் போய்த் திரும்பும்போது கைபேசியில் முடிவு வந்தது. பதிவான எந்த இனத்தோடும் பொருந்தவில்லை, புது இனமேதான். பஸ்ஸிலேயே பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தால், ஷோகேஸில் என் பட்டமளிப்புப் போட்டோவுக்குப் பக்கத்தில் கல் கருகருவென்று மின்னிக்கொண்டிருந்தது. பொருக்கு போன இடம் தெரியவில்லை.

"இன்னாம்மா பண்ணே?" என்று அலறினேன்.

"உப்பு புடிச்சிகினு கெடந்திச்சுடா. புளித்தண்ணில ஊறப்போட்டுத் தேச்சேன். நீ கண்டுபுடிச்ச கல்லுன்னு வூட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்ட வேணாமா? அழுக்கா இருந்தா எம்புள்ளய இன்னா நெனப்பாங்க?"

திட்ட வாயெடுத்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த வாரமே கடற்கரைக்கு ஓடினேன். அதே இடத்தில் லாரி லாரியாகப் புதுக்கல் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். வளர்ச்சி! சோதனைக்கு அனுப்பிய துணுக்கையும் ஆய்வகத்தில் அரைத்தே தீர்த்துவிட்டார்கள். என் புது இனம் இன்றுவரை பெயரில்லாமல், வெறும் மாதிரி எண்ணாகக் கிடக்கிறது.

ஷோகேஸில் இருப்பவருக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்து ஜல்லி குவாரியில் காலில் இடறுகிற அதே கருங்கல்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "தம்பி சாதிச்சிட்டாருங்க" என்கிறார்கள். அம்மா பூரித்துப்போகிறாள். நானும் கைகூப்பி, "ரொம்பக் கஷ்டப்பட்டுத் தேடுனதுங்க" என்கிறேன்.