சிரித்துக்கொண்டே வந்த குமார்

குமார் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் மனநல ஓ.பி.க்குள் வந்தான். அங்கே நர்ஸாக இருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு சரியாகப் படவில்லை.

பெயரை மாற்றியிருக்கிறேன். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன், பைபோலார் பேஷண்ட். மனசு ஏறினால் ஊரையே வாங்கப் போவதாகப் பேசுவான், இறங்கினால் பாயை விட்டு எழமாட்டான். முன்பு ஒருமுறை உயிரை விடப் பார்த்தவன். அவன் அப்பாவும் அப்படித்தான் போனார். வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இதெல்லாமே ரிஸ்க். மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சமயம் அதைவிட மோசம். இருட்டு நினைப்பு அப்படியே இருக்கும், உடம்பில் தெம்பு மட்டும் வந்துவிடும்.

அவன் மனைவி செல்விக்கு முகமெல்லாம் பூரிப்பு. "சாமி புண்ணியத்துல நல்லா ஆயிட்டாரு சிஸ்டர். தூங்காம கொள்ளாம தறியில நெஞ்சிக்கினு இருக்காரு. பேசாம இருந்த அண்ணன் வூட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டாரு. லித்தியம் மாத்திரைகூட வேணாம்னுட்டாரு."

நான் குமார் பக்கம் திரும்பினேன். சும்மா கேட்பதுபோல், "அடுத்த பாவு சொல்லியாச்சாப்பா?" என்றேன். நானும் தறிக்காரர் வீட்டுப் பெண். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; அது தீருமுன்பே அடுத்ததை முதலாளியிடம் சொல்லி வைப்பார்கள். பழைய இழையின் நுனியில்தான் புதியதைப் பிணைக்க வேண்டும்.

"வேணாம்னு சொல்லிட்டாரு. ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு நானும் வுட்டுட்டேன்" என்றாள் செல்வி.

தூங்காமல் நெய்கிறவன் அடுத்த பாவு வேண்டாம் என்கிறான்! நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுவார்கள். அப்படி ஆகாது என்று படித்தவள் நான். படித்தால் மட்டும் பயம் விட்டுவிடுமா? இருந்தாலும் கேட்டேன்.

"குமார், செத்துடலாம்னு நெனப்பு வருதாப்பா?"

"இன்னா சிஸ்டர் இது! வெள்ளிக்கெழம அதுவுமா!" செல்வி பாய்ந்தாள்.

"நீ கம்முனு இரும்மா!" என்று நானும் கத்திவிட்டேன்.

குமாரின் சிரிப்பு நின்றது. "இந்தப் பாவு முடியட்டும்னுதான் இருந்தேன் சிஸ்டர். மொதலாளிக்குக் கொற வெச்சிட்டுப் போவக்கூடாதுல்ல."

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"நாளைக்கு முடிஞ்சிடும்."

செல்வி அழவில்லை. அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அவனை ஒரு நொடிகூடத் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அப்போதே அட்மிஷன். மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். இவர்கள் ஒருநாள் தள்ளி வந்திருந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெல்லத்தான் தேறினான். டிஸ்சார்ஜ் அன்று செல்வி என்னை வராண்டா ஓரமாக இழுத்துப் போனாள். "அந்தக் கேள்விய நான் எப்டி கேக்குறது சிஸ்டர்? வாயே வரமாட்டேங்குது."

"மொதல்ல என்னைக் கேட்டுப் பாரு" என்றேன்.

இரண்டு தடவை பாதியிலேயே அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுதாகக் கேட்டாள். "செத்துடலாம்னு நெனப்பு வருதா?"

"இல்லம்மா" என்றேன்.

அதோடு விடுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா?" என்றாள்.

அதை நான் சொல்லித் தரவில்லை. இப்போது பேஷண்ட் யாராவது "இல்லை" என்றால் நானும் இரண்டாவது தடவை கேட்கிறேன்.