மச்சானுக்காக வாங்கிய மடக்குக் கத்தி

ஒரு மனுஷனைப் பழிவாங்க அவன் தங்கச்சி மகள் கையில் ஒரு மடக்குக் கத்தியைக் கொடுத்தால் போதும் என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், நல்ல நினைவோடு, பட்டப்பகலில் நம்பினேன். அதற்குள் யாரும் போலீஸுக்குப் போன் போட்டுவிட வேண்டாம். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனுஷன் என் மனைவியின் அண்ணன். மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். கல்யாணமான முதல் கோடையில், மாங்காய் பறித்துத் தருகிறேன் பேர்வழி என்று அங்கே போய், செந்தூராக் காய்களைக் காம்போடு அறுக்காமல் முறுக்கி இழுத்தேன். காம்பு ஒடிந்த இடத்தில் பால் பீய்ச்சும். அது வழிந்த இடமெல்லாம் தோல் கறுத்துப்போகும். கறுத்த காயை மண்டியில் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். தோப்பில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாது. மூன்று கிரேட் பெட்டிக் காய் கறுத்தது. என் வலது கன்னமும் சேர்ந்து கறுத்தது. அந்தக் கன்னத்தோடு ஒரு வாரம் ஓசூரில் ஷிப்டுக்குப் போனேன்.

பதினெட்டு வருஷம் ஆகிறது. காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி, எதுவானாலும் மச்சான் பந்தியில் உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிடுவார். "எங்க மாப்ள பெரிய வீரரு. மாங்காகிட்டயே அடி வாங்கிகினு வந்தவரு." கருமாதி வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, இந்த ஆளை என்றைக்காவது நாலு பேர் முன்னால் வாயடைக்க வைக்காமல் விட மாட்டேன் என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வேன்.

இந்த வருஷம் அவர் புது வீடு கட்டினார். புதுமனை புகுவிழாவுக்கு மைக் செட் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதுவரை பந்தியோடு போன மானம் இனி ஒலிபெருக்கியில் போகும்.

அந்த நேரத்தில்தான் என் மகள், கோடை விடுமுறைக்கு மாமா தோப்புக்குப் போகும்போது தனக்கென்று ஒரு கத்தி வேண்டும் என்றாள். பதினோரு வயது. வீட்டில் கேஸை மூடினோமா என்று பார்ப்பது அவள். வண்டியில் போகும்போது, "அப்பா, இண்டிகேட்டர்" என்று பின்னாலிருந்து முதுகில் தட்டுவதும் அவள். கொடுக்கலாம் என்று எனக்கே தோன்றியது. போனில் மச்சானிடம் சொன்னதற்கு அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"பாப்பாவுக்குக் கத்தியா? உங்க ரத்தம் மாப்ள அது. காய விட்டுட்டு வெரல அறுத்துக்கும்."

அவ்வளவுதான். போனிலேயே பந்தயம் கட்டினேன். ஒரு நாள் முழுக்க அவள் காய் அறுக்க வேண்டும். கையில் கீறலும், காயில் கறையும் இருக்கக் கூடாது. ஜெயித்தால் மைக்கில் என் கன்னக் கதை கிடையாது, ஆயுசுக்கும் கிடையாது. தோற்றால் அவர் கதை சொல்லலாம், கத்தியும் அவருக்கே. மகளைக் கேட்டேனா என்றால், இல்லை. கத்தி கிடைக்கிற சந்தோஷத்தில் அவளும் நிபந்தனையைச் சட்டை செய்யவில்லை.

ஓசூர் பஜாரில் மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று தரையில் வைத்தேன், அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு பயிற்சி. கம்பெனியில் என் வேலையே புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதுதான். எந்த மிஷினில் யாருடைய எந்த விரல் போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு வாரம் முருங்கைக்காயை வைத்து வகுப்பெடுத்தேன். தினமும் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினேன். முதல் நாள் பத்தே நிமிஷத்தில் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். மீதி நாளெல்லாம், மடக்காத கத்தியோடு நடந்து போன என்னைத்தான் அவள் பிடித்து நிறுத்தினாள்.

"நான் ஸ்கூல்ல இவ்ளோ கையெழுத்து போட்டதில்லப்பா" என்றாள்.

தோப்பில் அவள் வேலை சுத்தமாக இருந்தது. தாழ்ந்த கிளையில் காயைத் தாங்கிப் பிடிப்பாள், ஒரு விரற்கடை காம்பு விட்டு அறுப்பாள், கவிழ்த்து வைப்பாள், பால் கீழே சொட்டி வடியும். நகரும்போதெல்லாம் கத்தியை மடக்கினாள். காய் பிரிக்கும் அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுல கூட கறை இல்லீங்க" என்றார். மதியத்துக்குள் நாலு கிரேட். மச்சான் முகத்தில் சிரிப்பு வற்றிக்கொண்டே வந்தது. பதினெட்டு வருஷப் பசிக்கு நான் அதை வாரி வாரித் தின்றேன்.

"மச்சான், மைக் செட்டுக்காரனுக்குப் போன் போட்ருங்க. வேணாம்னு சொல்லிருங்க."

"பொழுது சாயட்டும் மாப்ள."

"அதுவரைக்கும் சும்மா எதுக்கு ஒக்காந்திருக்கீங்க? என்னப் பத்தி ஒரு கதை இருந்தா சொல்லுங்க. ஓ, அது இனிமே இல்லல்ல?"

இந்த இடத்தோடு வாயை மூடியிருந்தால் நான் இன்றைக்கு வேறு மனுஷன். அவள் அறுக்கும்போது கத்தி வெயில் பட்டு ஒரு தடவை மின்னியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கம்பெனியில் போன விரல்கள் எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. பிரஸ் மிஷினில் போன ஆள்காட்டி விரல், லேத்தில் போன சுண்டு விரல். காயைத் தாங்கியிருந்த என் மகளின் அஞ்சு விரலும் எனக்குக் கணக்கில் குறைய ஆரம்பித்தன.

"நிறுத்து! ஸ்டாப்! எல்லாரும் ஸ்டாப்!" என்று கத்தினேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாடு நின்றது. வண்டிப் பெட்டியைத் திறந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கையுறையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வேணாம்ப்பா, பெருசா இருக்கு. வழுக்கும்."

"பேசாத. மாட்டு."

"நல்லாத்தானே அறுக்கறேன்?"

"ரூல் ரூல்தான்."

மாட்டிவிட்டேன். பந்தயமும் பழியும் எனக்கு மறந்தே போயிருந்தன. அடுத்து அவள் அறுத்த காய்களை அக்கா திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொரு செந்தூராவிலும் அஞ்சு விரல் அச்சு, கறுப்பாக, தெளிவாக. கையுறையில் மிஷின் எண்ணெய்.

"அது பால் கறை இல்ல" என்றேன்.

"கறை கறைதான் மாப்ள" என்றார் மச்சான். எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இனிப்புக் கடைக்குள் நுழைகிறவர் மாதிரி அந்தக் காய்களைச் சுற்றி வந்தார்.

மகள் கையுறையைக் கழற்றினாள். கத்தியை மடக்கினாள். அவர் காலடியில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. என்னைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை. மச்சானின் பதினெட்டு வருஷத்தையும் அந்த ஒரு பார்வையில் கட்டி வைத்துவிடலாம்.

"மாமா, கறை என்னுது இல்ல. அப்பாவுது."

"தெரியும் கண்ணு. சரி, ஒண்ணு பண்ணலாமா? இன்னிக்கு நடந்தத நீயே மைக்ல சொல்லு. கத்திய நீயே..."

"சொல்றேன்" என்றாள். அவரைப் பேச்சை முடிக்கவே விடவில்லை.

புதுமனை புகுவிழாவில் சாப்பாட்டுக்கு முன்னால் மச்சான் கன்னக் கதையைச் சொன்னார். அதற்கப்புறம் மைக்கை வாங்கி என் மகள் கையுறைக் கதையைச் சொன்னாள். ரிஜிஸ்டர் கையெழுத்து, முருங்கைக்காய், நின்ற மாடு, எதையும் விடவில்லை. "ஸ்டாப்" என்று நான் கத்தியதை இரண்டு தடவை நடித்துக் காட்டினாள். என் மனைவிதான் எல்லோருக்கும் முன்னால் கை தட்டினாள். கத்தி இப்போது என் மகளிடம் இருக்கிறது. இதுவரை அவள் ஒரு தடவைகூடக் கையை அறுத்துக்கொள்ளவில்லை.