வடகோடி மாவட்டத்தில் மூன்று பேர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் 'கலர்ப்பெட்டி' என்று பெயர். பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுத்து முடிந்ததும், எந்த மாவட்டத்தில் எந்த மதத்தார் எத்தனை பேர் என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவது அவர் வேலை. பக்கத்து மேசையில் நான். நிறம் மயிரிழை எல்லை தாண்டினாலும் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவருடைய மதத்தார் நாட்டிலேயே கொஞ்சம் பேர். தெற்கே இரண்டு மாவட்டங்களில் அடக்கம். ஒரே மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு வடகோடிக்குப் போனாள். "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வறட்டுக் கௌரவம் விடவில்லை.

அடுத்த கணக்கெடுப்பின் பட்டியல் வந்தது. எப்போதும் பூஜ்யமாக இருந்த வடகோடி மாவட்டத்தில், அவர் மதத்துக்கு நேரே மூன்று. அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு ஓடினார். மறுநாள் வாயெல்லாம் பல்.

"மாப்பிள்ளை நம்ம மதம் இல்லைல்ல? அப்ப அவளும் ரெண்டு பிள்ளைங்களும்னு எங்க வீட்டம்மா கணக்குப் போட்டுட்டா. கடைக்குப் போயி ரெண்டு சட்டைகூட வாங்கியாச்சு!"

ஒரு மாவட்டத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால் ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒன்றும் இரண்டும் அச்சுக்கு வராது. இயந்திரம் அதைப் பூஜ்யமாகவோ மூன்றாகவோ மாற்றிவிடும். புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

"சார், மூணுன்னா மூணேதானா?" என்றேன்.

"உன் வேலையைப் பாருய்யா" என்றார்.

அந்த எண்ணோடு புருஷனும் பெண்டாட்டியும் எட்டு வருடம் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் வளர்ந்திருக்கும் என்று வருடாவருடம் பெரிய சட்டையாக வாங்கினார் அந்த அம்மா. போய்ப் பார்க்கலாமே என்றால், "நல்லாத்தானே இருக்கா, தானே வரட்டும்" என்பார் இவர். ஒரு பஸ் டிக்கெட் எடுக்க முடியாதா? இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த அம்மா திடீரென்று போய்ச் சேர்ந்தார். மகளின் பழைய தோழி ஒருத்தியைக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் விலாசம் கிடைத்தது, தகவல் அனுப்பினேன். அடக்கம் முடிந்த மறுநாள் மகள் வந்தாள். தனியாக, கையில் ஒரே ஒரு பை. முன்தலை நரைத்திருந்தது.

வாசலைத் தாண்டி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பிள்ளைங்க எங்கம்மா?"

"பிள்ளைங்க ஏதுப்பா? கல்யாணமான ரெண்டாம் வருஷமே அவரு தவறிப் போயிட்டாரு. நான் ஒருத்திதான்."

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார். அவள் தொடர்ந்தாள்:

"கணக்கெடுக்க வந்தப்ப மதம் கேட்டாங்க. நம்ம மதத்தைத்தான் சொன்னேன். பட்டியல் அப்பா கைக்குத்தானே போகும், ஒத்தை ஆளா நிக்கிறேன்னு பார்த்தா ஓடி வந்துருவாருன்னு நெனச்சேன். ரொம்ப நாள் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேம்பா."

அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சின்னதிலிருந்து பெரியதாக, இரண்டிரண்டாக மடித்த சட்டைகள். அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"மூணுன்னு போட்டிருந்துச்சும்மா."